கடல்மீன் தொட்டியில் நைத்திரேற்றுக் கணக்கு: கிணறு, தீன், பாசி, மணல்

யாழ்ப்பாணத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு நைத்திரேற்று, அதாவது கழிவும் உரமும் சிதைந்து தண்ணீரில் மிஞ்சும் நைதரசன் உப்பு, இரண்டு வாசலால் வருகிறது. ஒன்று எல்லா ஊரிலும் உள்ள வாசல், மீனுக்குப் போடும் தீன். மற்றது எங்கள் ஊர் வாசல், கிணறு. தீனைக் குறைத்தோம், நைத்திரேற்றை எடுக்கும் என்று கல் அடுக்கினோம், பாசியும் போட்டோம், சோதனைக் குழாய் மட்டும் இன்னும் சிவப்பாகவே நிற்கிறது என்று குறைப்படுகிறவர்களில் கனபேர் இந்த இரண்டாவது வாசலைத் திறந்தே வைத்திருப்பவர்கள்.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் யூரியாவும் மாட்டெருவும் குடித்து வளர்கின்றன. மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். நைத்திரேற்று மண்ணில் ஒட்டி நிற்காது, மழையோடு நேரே இறங்கும். வளவுக்குள்ளேயே மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட இருந்தால் அதுவும் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டக்காணிகளை ஒட்டிய கிணறுகளில் அதைத் தாண்டுவது புதினமில்லை. தொட்டிக்கென்று வாங்கிய சோதனைப் பெட்டியால் முதலில் கிணற்றைச் சோதியுங்கள். நன்னீருக்கும் கடல்நீருக்கும் நிற அட்டை வேறு என்றால் நன்னீர் அட்டையைப் பாருங்கள். 50க்கு மேல் காட்டினால், மீனின் கதை கிடக்கட்டும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

தொட்டியில் நடப்பதும் அதே செறிவுதான். 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 50 உயரமான தொட்டி கிட்டத்தட்ட 200 லீற்றர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தத் தொட்டிக்குத்தான். கோடையில் மேலே மின்விசிறி பூட்டியிருந்தால் ஒரு நாளைக்கு 3 லீற்றர் ஆவியாவது சாதாரணம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அந்தக் குறையை 50 பிபிஎம் (லீற்றருக்கு 50 மில்லிகிராம்) கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு 150 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ளே போகிறது. 200 லீற்றரில் அது நாளுக்கு 0.75 பிபிஎம், மாதத்துக்கு 22க்குக் கிட்ட. ஒரு மீன்கூட இல்லாத தொட்டியிலும் இது ஏறும். இதைத் தெரியாமல் பாசிக்கு விளக்கு வாங்குவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கணக்குப் பார்க்க முன்னம் அளவு சரியாக வரவேண்டும். சொட்டுப் போத்தலாக வரும் பெட்டிகளில் நைத்திரேற்றுக்குரிய இரண்டாவது போத்தலின் அடியில் தூள் படிந்து இறுகும். அதைக் கையில் தட்டி அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால், 80 இருக்கும் தொட்டியிலும் 10 என்று காட்டிச் சந்தோசப்படுத்தும். சொட்டு விட்ட பிறகு குழாயையும் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்குக் குலுக்கி, எழுதியிருக்கும் நேரத்துக்கு வைத்துத்தான் நிறம் பார்க்கவேண்டும். 40க்கும் 80க்கும் இடையில் சிவப்பைப் பிரித்தறிவது எந்தக் கண்ணுக்கும் கஷ்டம். அப்போது தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, நைத்திரேற்று இல்லாத சுத்த நீர் மூன்று பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். தொட்டி புதிது, நைத்திரைற்று (அமோனியா நைத்திரேற்றாக மாறும் வழியில் இடையில் வருவது) இன்னும் இருக்கிறது என்றால் நைத்திரேற்று அளவு பொய்யாக ஏறிக் காட்டும், அந்த எண்ணை நம்பவேண்டாம். சில கருவிகளும் ஆய்வுகூட அறிக்கைகளும் நைத்திரேற்றை நைதரசனாகக் கணக்கிட்டுத் தரும். அதை 4.4 ஆல் பெருக்கினால்தான் இங்கே பேசும் பிபிஎம் வரும். சோதனைப் பெட்டியை எங்கள் வெயிலில் ஜன்னலோரம் வைப்பதும் கெடுதல், திகதி முடியமுன்னமே மருந்து பழுதாகிவிடும்.

எவ்வளவுக்குக் குறைக்கவேண்டும் என்பது தொட்டியில் இருப்பதைப் பொறுத்தது. மீன் மட்டும் என்றால் 20க்குள் வைத்திருந்தால் நிம்மதி, 40 வரை பெரும்பாலான மீன்கள் தாங்கும். மென்பவளங்கள் இருந்தால் 5 முதல் 15. கல்போன்ற கிளைப்பவளங்களுக்கு 2 முதல் 5. பூச்சியம் இலக்கில்லை, அதற்குக் கடைசியில் வருவோம்.

கிணற்று வாசலை அடைப்பது ஆர்ஓ இயந்திரம் (தண்ணீரை மென்சவ்வினூடாக அழுத்தி உப்பை வடிப்பது), அதற்குப் பின்னால் டிஐ ரெசின் (மிஞ்சிய உப்பைப் பிடிக்கும் குருணை). எங்கள் வீடுகளில் இரண்டு சிக்கல். மேலே வைத்த தண்ணீர்த் தாங்கி நான்கு மீற்றர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.4 பார்தான், மென்சவ்வுக்கு 3 அல்லது 4 பார் வேண்டும். ஆகவே அழுத்தமேற்றும் சின்ன மோட்டர் இல்லாமல் பூட்டினால் தண்ணீர் சொட்டும், சுத்தமும் வராது. இரண்டாவது, சுண்ணாம்பு. கேத்தல் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சாமான் மென்சவ்விலும் படியும். ஒவ்வொரு முறை ஓட்டி முடிக்கும்போதும் கழிவுக் குழாயை முழுதாகத் திறந்து ஒன்றிரண்டு நிமிடம் கழுவி விட்டால் சவ்வு கூடக்காலம் நிற்கும். கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடலாம், நைத்திரேற்று வாழைக்கு நல்லது.

ஆர்ஓ மற்ற உப்புகளைத் தடுக்கிற அளவுக்கு நைத்திரேற்றைத் தடுக்காது. 85 முதல் 95 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பிபிஎம் கிணறு என்றால் ஆர்ஓ தாண்டி 3 முதல் 9 வரை வரும். மிச்சத்தை டிஐ ரெசின் பிடிக்கும். ரெசின் தீர்ந்துபோனால் முன்பு பிடித்து வைத்த நைத்திரேற்றையே திருப்பி விடவும் செய்யும். கரைந்த உப்பு மொத்தத்தையும் அளக்கும் டிடிஎஸ் கருவி 10, 15 என்று காட்டுகிறது, பரவாயில்லை என்று விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அந்தப் பதினைந்தில் பாதி நைத்திரேற்றாக இருக்கலாம், கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. டிஐக்குப் பிறகு 0 என்றால் பாவியுங்கள், 2 ஆனதும் ரெசினை மாற்றுங்கள். ஊருக்கு ஊர் குடிநீர் விற்கும் ஆர்ஓ நிலையத்தில் கானில் வாங்குகிறவர்களும் அந்தக் கானை ஒருமுறை சோதிக்கவேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் எல்லாம் தொட்டிக்கு நல்லதென்று இல்லை.

மாரியில் இலவசமாக ஒரு வழி இருக்கிறது, மழைநீர். ஒக்ரோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரை பெய்கிற மழையில், முதல் சில மழைகளைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடித்தால் நைத்திரேற்று மிகக் குறைவு. ஓட்டுக் கூரை, சீமெந்துப் பிளாட் சரி. தகரக் கூரைத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வரும், முள்ளந்தண்டில்லா உயிர்களுக்கு அது நஞ்சு. நீல பரலில் சேர்த்து, வெளிச்சம் படாமல் மூடி, வாயில் நுளம்பு வலை கட்டி, பாவிக்கும்போது கரித்தூள் வடியும் டிஐயும் தாண்ட விடுங்கள். ஆர்ஓவுக்குப் போகவேண்டிய வேலையில்லை.

கடல்தண்ணீர் அள்ளி வந்து மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணை, குருநகர்ப் பக்கத்துக் கடல்நீரேரி வேண்டாம். ஆழமில்லை, நகரத்து வடிகால் சேர்கிறது, உப்பு மாரியில் இறங்கிக் கோடையில் ஏறுகிறது. கீரிமலைப் பக்கத்தில் கேணிக்குக் கிட்ட அள்ளுவதும் சரியில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வரும் நிலத்தடி நன்னீர் அங்கே கடலுக்குள் ஊறுகிறது. அந்த நன்னீர் தோட்டங்களுக்குக் கீழால் வந்தது, அதற்குள் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாளையடி, மணற்காடு போன்ற திறந்த கடற்கரையில், மழை விட்டுப் பல நாள் கழித்து, அலை தெளிந்த நேரத்தில் எடுங்கள். உப்பளக்கும் ஒளிமுறிவுமானியில் 35க்குக் (ஆயிரம் பங்கில் 35) கிட்ட இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், கருவியைச் சுத்த நீரால் மட்டும் சரிபார்த்தது போதாது, 35க்கான சரிபார்ப்புத் திரவமும் வேண்டும். மெல்லிய துணியால் வடித்து, இரண்டு கிழமை இருட்டில் காற்று விட்டு வைத்த பிறகு பாவிக்கலாம்.

தண்ணீர் மாற்றுவதன் கணக்கு எல்லாரும் நினைப்பதைவிட மெதுவானது. 80 பிபிஎம் தொட்டியில் கிழமைக்குக் காற்பங்கு சுத்த நீர் மாற்றினால் 60, 45, 34, 25 என்று இறங்கும். இது தீன் ஒன்றும் போடாவிட்டால். புதுத் தண்ணீரிலேயே 20 இருந்தால் 65, 54, 45, 39. எத்தனை வருசம் மாற்றினாலும் 20க்குக் கீழே போகவே போகாது.

இனித் தீன். 45 வீதம் புரதமுள்ள உலர்தீன் ஒரு கிராமில் 0.072 கிராம் நைதரசன் இருக்கிறது. அதில் காற்பங்கு மீனின் உடம்பில் தங்கி, மிச்சம் அமோனியாவாகி நைத்திரேற்றாகிறது என்று எடுத்தால் கிட்டத்தட்ட 0.24 கிராம் நைத்திரேற்று, எங்கள் 200 லீற்றரில் 1.2 பிபிஎம். ஒவ்வொரு நாளும் ஒரு கிராம் போட்டால் மாதத்துக்கு 36. சந்தையில் வாங்கிய இறாலை அரிந்து 10 கிராம் போட்டால் ஒரே நாளில் 5 பிபிஎம். இறால் நல்ல தீன்தான், ஆனால் உருகும்போது வடிகிற அந்தச் சாறு மீன் வாய்க்குப் போவதில்லை, நேரே கணக்கில் ஏறுகிறது. வடியில் போட்டுச் சுத்த நீரால் அலசி, தண்ணீர் தெளிவாய் ஓடினபிறகு துண்டுகளை மட்டும் போடுங்கள். சூடை, நெத்தலி அரைத்துப் போடுவதை விடுங்கள், எண்ணெய் தண்ணீர் முகத்தில் படரும்.

ஒரு சமையல் தராசு வாங்கி ஒரு கிழமை தீனை நிறுத்துப் பாருங்கள். உள்ளே போவது எத்தனை கிராம் என்று தெரிந்தால்தான் வெளியே எடுக்கவேண்டியது எத்தனை என்று சொல்லலாம். வெளியே போக முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. தண்ணீரோடு போகும், பாசியாக அள்ளிப் போடலாம், அல்லது ஒட்சிசன் இல்லாத இடத்துப் பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விடும். உயிரியல் பந்துகள் (பற்றீரியா ஒட்டி வளரும் பிளாஸ்ரிக் பந்துகள்), கனிஸ்டர் வடி, சொரசொரப்பான பஞ்சு எல்லாம் அமோனியாவை நைத்திரேற்றாக்குவதோடு நின்றுவிடும், அவற்றினூடாக ஒட்சிசன் நிறைந்த தண்ணீர் ஓடுவதால் அதற்கப்பால் போக வழியில்லை. கல்லும் மணலும் பழுத்த தொட்டியில் அந்தப் பந்துகள் தேவையில்லை. கிழமைக்குக் காற்பங்காக எடுங்கள், ஒரேயடியாக எடுத்தால் அமோனியா ஏறும். பஞ்சை மூன்று நாளைக்கொருமுறை மாற்ற ஏலாவிட்டால் பூட்டாமல் விடுவது மேல்.

பாசியின் கணக்கு இப்படி. காய்ந்த கடற்பாசியின் நிறையில் நைதரசன் ஏறக்குறைய 3 வீதம், ஈரப்பாசியில் பத்தில் ஒன்றுதான் காய்ந்த நிறை. 200 லீற்றரில் 10 பிபிஎம் என்பது 2 கிராம் நைத்திரேற்று, அதாவது 0.45 கிராம் நைதரசன். அதை எடுக்க 15 கிராம் காய்ந்த பாசி, ஈரமாக 150 கிராம் வளர்த்து வெளியே எடுக்கவேண்டும். நாளுக்கு ஒரு கிராம் உலர்தீன் போடுகிற தொட்டியில் ஏறாமல் நிறுத்திவைக்கவே கிழமைக்கு 125 கிராம் ஈரப்பாசி அறுவடை வேண்டும். பாசியின் இனம், வெளிச்சத்தைப் பொறுத்து இது கூடிக்குறையும், ஆனால் ஒரு கைப்பிடிப் பாசியைத் தொட்டியின் மூலையில் மிதக்க விட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருப்பவருக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதை இந்த எண் சொல்லும். அறுவடை செய்யாத பாசி நைத்திரேற்றை எடுப்பதில்லை, வைத்திருக்கிறது. அழுகினால் திருப்பித் தரும்.

எந்தப் பாசி? கீட்டோமோர்பா முதல் தெரிவு. கம்பி போல விறைப்பான பச்சை நூல்கள் சிக்குப்பட்டுப் பந்தாக இருக்கும், ஒட்டுவதில்லை, கிழித்தெடுக்கச் சுகம். கஞ்சிப்பாசி, அதாவது கிராசிலேரியா, எங்கள் கடல்நீரேரிகளிலேயே இருக்கிறது, சூட்டைத் தாங்கும், மீனும் தின்னும். ஆனால் ஓட்டம் இல்லாவிட்டால் மேலே அழுக்குப் படிந்து நொய்ந்துவிடும். கடலில் இருந்து கொண்டுவந்தால் வாளியில் பலமுறை அலசி, வேறு பாத்திரத்தில் இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள், சின்ன நண்டும் மீன்களை அடிக்கும் குச்சி இறாலும் அதற்குள்ளால்தான் வரும். கோலேர்பா வேண்டாம். வேகமாக வளரும், பார்க்க வடிவு, ஆனால் ஒருநாள் ராத்திரி இனப்பெருக்கத்துக்குப் போய் காலையில் வெள்ளைச் சவ்வாகக் கிடக்கும், சேர்த்து வைத்ததெல்லாம் தண்ணீருக்குள் வந்து, ஒட்சிசனும் இறங்கி, மீன் மேலே வந்து வாய் திறக்கும். தீவகத்திலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் திறந்த கடல் ஓட்டத்துக்குப் பழகியது, பாசி வளர்க்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் வெளுத்துப்போகும்.

பாசிப்பெட்டி தொட்டியின் கொள்ளளவில் 10 முதல் 20 வீதம். எங்கள் தொட்டிக்கு 30 லீற்றர் போதும், சம்புக்குள்ளேயே (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) ஒரு அறையாகத் தடுக்கலாம். 250 கிராம் பாசியோடு தொடங்குங்கள். 20 வாற்று எல்இடி, 6500 கெல்வின் வெள்ளையோ செடி வளர்க்கும் சிவப்பு கலந்ததோ, தண்ணீர் முகத்தில் இருந்து 15 அல்லது 20 சென்ரிமீற்றர் உயரத்தில். விளக்கு ராத்திரியில் எரியட்டும். பெரிய தொட்டி இருட்டாக இருக்கும் நேரத்தில் பெட்டிப் பாசி காபனீரொட்சைட்டை இழுப்பதால் விடியப்புறம் பிஎச் விழுவது குறையும், வீட்டுச் சூடும் அப்போது குறைவு. பந்து மெதுவாக உருளும்படி தண்ணீரைக் கீழிருந்து விடுங்கள். உருளாத பந்தின் நடுவில் வெளிச்சம் போகாது, அங்கே அழுகத் தொடங்கும். பெட்டி நிரம்பியதும் பாதியை எடுங்கள், தண்ணீர் வடியவிட்டு நிறுத்து எழுதி வையுங்கள். எடுத்ததை நன்னீரில் அலசி உப்புப் போக்கித் தென்னைக்குப் போடலாம். பாசி தின்னும் மீன்களுக்கு வழக்கமான தீனுக்குப் பதிலாகக் கொஞ்சம் கொடுக்கலாம், மேலதிகமாகக் கொடுத்தால் எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டதாகும்.

பாசி வளராமல் நின்றால் விளக்கைக் கூட்ட முன்னம் பொஸ்பேற்றைப் பாருங்கள். நைத்திரேற்று 50இல் நிற்க, பொஸ்பேற்று நீக்கும் குருணை போட்டு அதைப் பூச்சியமாக்கி வைத்திருக்கிற தொட்டிகள் கனக்க. பொஸ்பேற்று இல்லாமல் பாசியோ பற்றீரியாவோ நைத்திரேற்றை எடுக்க ஏலாது. 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கவேண்டும், குருணையை எடுத்துவிட்டாலே இரண்டு கிழமையில் பாசி நிறம் திரும்பும். பொஸ்பேற்று இருந்தும் நூல்கள் வெளிறிக் கண்ணாடி போலானால் இரும்புச்சத்துக் குறை, கடல்தொட்டிக்கென்று விற்கும் இரும்புத் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவில் பாதி விட்டுப் பார்க்கலாம்.

பாசிப்பெட்டிக்கு இடமில்லாதவர்களுக்கு நீர்வீழ்ச்சித் திரை. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்ற்றர் ஏடி உருவாக்கிய முறை, பிறகு பொழுதுபோக்காளர்கள் சுருக்கி எடுத்தது. ஒரு பிவிசி குழாயின் அடியில் 3 மில்லிமீற்றர் அகலத்தில் நீளக் கீறல், அதற்குள் சொருகிய துளைகள் கொண்ட பிளாஸ்ரிக் தட்டி, அதன்மேல் தண்ணீர் வழியும், இரு பக்கமும் விளக்கு. தையல் வேலைக்கு விற்கிற துளைத் தட்டி இருந்தால் நல்லது. எதுவானாலும் வாள் அலகால் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் சுரண்டி, தொட்டால் முள்ளாய்க் குத்தும் அளவுக்குச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான தட்டியில் பாசி பிடித்து, தடித்ததும் தன் பாரத்தில் கழன்று சம்புக்குள் விழும். நாளுக்கு 10 கிராம் இறால் போடும் தொட்டிக்கு 15க்கு 15 சென்ரிமீற்றர் தட்டி, இரு பக்க வெளிச்சம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பரப்பு இரட்டிப்பு. ஓட்டம் அகலத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் மணிக்கு 50 லீற்றர், ஆக 15 சென்ரிமீற்றருக்கு 750க்கு மேல்.

முதல் இரண்டு கிழமை கபிலச் சளி வரும், கையால் வழித்துவிடுங்கள். பிறகு பச்சை முடி. மஞ்சளாய் ரப்பர் போல வந்தால் வெளிச்சம் கூட, அல்லது சத்துக் குறைவு. கறுப்புத் தார் போல வந்தால் மறுதலை. 7 முதல் 10 நாளைக்கொருமுறை தட்டியைக் கழற்றி, நன்னீர்க் குழாயின் கீழ் சுரண்டுங்கள், பாசியைத் தின்னும் சின்னப் பூச்சிகள் நன்னீரில் சாகும். அடிமயிர் தட்டியில் மிஞ்சவேண்டும், தட்டி வெள்ளையாகும்வரை உரசினால் திரும்ப இரண்டு கிழமை பின்னுக்குப் போவீர்கள். கரண்ட் போனால் திரை காயத் தொடங்கும், எங்கள் சூட்டில் சில மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். இன்வேர்ட்டர் இருந்தால் திரை மோட்டரையும் அதில் கொடுங்கள்.

மணலும் கல்லும் வேறு வேகம். இந்தோனேசியாவில் லீ சின் எங் 1961இல் எழுதிக் காட்டிய தொட்டிகளில் வடியே இல்லை. உயிருள்ள கல், காற்றுக் குமிழி, வெளிச்சம், அவ்வளவுதான். எங்களைப் போல வெப்பநாட்டில் செய்தது. கல்லின் உள்நுளைகளில் ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் வாழும் பற்றீரியா நைத்திரேற்றின் ஒட்சிசனைப் பிடுங்கி மூச்சு விடுகிறது. ஆனால் இங்கே கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அது தேவையுமில்லை. உலர்ந்த துளைக்கல்லோ சுட்ட பீங்கான் கட்டிகளோ வாங்கி, பழுத்த தொட்டியில் இருந்து ஒரு கைப்பிடிக் கல்லோ மணலோ சேர்த்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் உயிர் பிடிக்கும். 10 லீற்றருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் 20 கிலோ. சுவரோடு ஒட்டி மதில்போல் கட்டாமல் பின்னால் ஓட்டம் போக இடம் விடுங்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் அடர்ந்தது, பொந்து இருக்கிற துண்டுகளைத் தெரிந்தாலும் தோட்டக்காணியில் கிடந்தவை பொஸ்பேற்றை விடும். ஒரு கிழமை ஆர்ஓ நீரில் ஊறவைத்து அந்த நீரைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே போடவேண்டும்.

ஆழ்மணலுக்கு ஆழம் 10 முதல் 15 சென்ரிமீற்றர், மணி சீனிமணி அளவு, ஒரு மில்லிமீற்றருக்குள். 3, 4 சென்ரிமீற்றர் மணலில் ஒட்சிசன் அடிவரை போய்விடும், நைத்திரேற்று குறையாது. பரல்மணல் போட்டால் அழுக்கு உள்ளே இறங்கி அங்கேயே அழுகும். எங்கள் தொட்டியின் அடிப்பரப்புக்கு 10 சென்ரிமீற்றர் என்றால் 40 லீற்றர் மணல், ஏறக்குறைய 60 கிலோ. நிற்கிற மேசைக்கு அதையும் கணக்கில் சேருங்கள். மணற்காட்டு மணல் போன்ற படிகமணலிலும் பற்றீரியா வேலை செய்யும், சுண்ணாம்பு மணல் தருகிற கல்சியத்தை மட்டும் அது தராது. ஆனால் கரையில் மணல் அள்ள அனுமதி வேண்டும். வாங்கிய மணலில் காந்தம் ஓட்டி, கறுப்புத் துகள் ஒட்டினால் விலத்திவிடுங்கள்.

தொட்டிக்குள் அவ்வளவு மணல் வேண்டாம் என்பவர்கள் சம்புக்குப் பக்கத்தில் மூடியுள்ள 20 லீற்றர் வாளியில் போடலாம். முக்கால்வாசி மணல், மேலே 8 சென்ரிமீற்றர் தண்ணீர், ஒரு பக்கத்தால் மணிக்கு 400 லீற்றர் வந்து மறுபக்கத்தால் சம்புக்கு வழியும். ஓட்டம் மணலின் மேலால் மட்டும் போகவேண்டும், வாளிக்கு வெளிச்சம் வேண்டாம். வருகிற தண்ணீர் பஞ்சு தாண்டி வரட்டும், மணல்மேல் அழுக்குப் படிந்தால் வாளி குப்பைத் தொட்டியாகிவிடும். வாளி ஒன்று அதிசயம் காட்டாது, பாசியோடு சேர்ந்தால் துணை.

ஆழ்மணலைக் கிளறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நடப்பது அதுதான். வீடு மாறும்போது பழைய மணலோடு தொட்டியைத் தூக்குவார்கள், அல்லது கண்ணாடியோரம் கறுப்புத் திட்டுக் கண்டு குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் ஐதரசன் சல்பைட்டு. மீனை உடனே வேறு தண்ணீருக்கு மாற்றி, காற்றைக் கூட்டி, கரித்தூள் போடுங்கள். கண்ணாடியோரக் கறுப்புத் திட்டு தொடாதவரை ஒன்றும் செய்யாது. தொட்டி மாற்றுவதானால் மேல் இரண்டு சென்ரிமீற்றரை மட்டும் விதைக்கு எடுத்து, மிச்சத்தை எறிந்துவிடுங்கள்.

மணலைக் கிண்டிச் சுத்தமாக்கக் கடலட்டை விடலாமா என்று இங்கே எல்லாரும் கேட்பார்கள், பண்ணைகள் கிட்ட இருப்பதால். அட்டை நைத்திரேற்றைத் தின்பதில்லை, மணல்மேல் உள்ள கழிவைத் தின்று கழிவையே விடும். 200 லீற்றர்த் தொட்டியில் அதற்குத் தீன் போதாமல் மெலியும். மோட்டர் வாயில் அகப்பட்டோ செத்தோ போனால் அதன் நஞ்சில் மீன் முழுக்கச் சாகலாம். விடவேண்டாம். கண்டல் நாற்றும் அப்படித்தான் ஆசை காட்டும். பார்க்க நல்லது, வளர்ச்சி ஆறுதல், உதிர்ந்த இலையை அள்ளாவிட்டால் எடுத்ததையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

வினாகிரி விடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும், பலர் செய்கிறார்கள். காபன் கிடைத்த பற்றீரியா தண்ணீரிலேயே பெருகி நைத்திரேற்றை எடுக்கும், அந்தப் பற்றீரியாவை ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) வெளியே தள்ளவேண்டும். ஸ்கிம்மர் இல்லாவிட்டால் தொடவேண்டாம். நிறமில்லாத வெள்ளை வினாகிரி, 100 லீற்றருக்கு நாளுக்கு ஒரு மில்லிலீற்றரில் தொடங்கி, கிழமைக்கு ஒரு மில்லிலீற்றர் கூட்டலாம். தென்னங்கள்ளில் காய்ச்சிய வினாகிரியில் வேறு சாமான்களும் உண்டு, அது கறிக்கு. தண்ணீர் பால்போல மங்கினால் நிறுத்திக் காற்றைக் கூட்டுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 30 பாகை தாண்டும்போது ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு, அந்த மாதங்களில் அளவைக் கூட்டாதீர்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் கார அளவையும் சேர்த்துப் பாருங்கள். நைத்திரேற்று 50 பிபிஎம் சேரும்போது காரம் ஏறக்குறைய 2.3 பாகை (காரச் சோதனைப் பெட்டி காட்டும் dKH அலகு) குறைந்திருக்கும். பாசியும் மணலும் அதை எடுக்கும்போது அந்தக் காரம் திரும்பி வரும். பழைய பழக்கத்தில் காரப்பொடி அதே அளவு போட்டுக்கொண்டிருந்தால் கூடிவிடும், கிழமைக்கொருமுறை சோதித்துக் குறையுங்கள்.

இறக்குவது கிழமைக்குக் காற்பங்குக்கு மேல் வேண்டாம். 80இல் மாதக்கணக்காய்ப் பழகின பவளம் ஒரே நாளில் 10க்கு வந்தால் சுருங்கும். கீழே போகப் போக வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் இரண்டும் பூச்சியத்தைத் தொட்டால் பவளம் வெளிறும், மணல்மேல் குமிழி பிடித்த கபில நூற்சளி விரியும். அது டைனோ (டைனோபிளாஜலேற்று என்ற நுண்ணுயிர்), நைத்திரேற்றைவிடப் பெரிய தலையிடி. சோதனையில் 5க்குக் கீழே தொட்டதும் பாசி விளக்கை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் குறையுங்கள், தட்டியில் ஒரு பக்க விளக்கை அணையுங்கள், வினாகிரி இருந்தால் முதலில் அதைப் பாதியாக்குங்கள். அடுத்த கிழமை திரும்பச் சோதித்து, இன்னும் இறங்கினால் இன்னும் இரண்டு மணித்தியாலம்.